இஸட் இருந்த இடம்

மாலை ஏழுக்குச் சிவப்பு எச்சரிக்கை.
இனி அவர்கள் சொல்லும்வரை
சேன் தெனியில் யாரும் தெருவில் கால் வைக்கக்கூடாது.
வாளிகளில் தண்ணீர் பிடித்தாயிற்று,
பால்கனித் தொட்டிகளை உள்ளே இழுத்தாயிற்று.
மிச்சம் இருப்பது நான்,
அலுவலகம் தந்த பிரெஞ்சு விசைப்பலகை,
நேற்று இறக்கிய புது எடிட்டர்.

மூன்று வாரமாய்ச் சண்டை.
ஏ இருக்கவேண்டிய இடத்தில் க்யூ.
இஸட் இருக்கவேண்டிய இடத்தில் டபிள்யூ.
விரலுக்கு ஏது கண்?
தப்பாய் அடித்ததைத் திரும்பப் பெற
கன்ட்ரோலோடு இடது மூலையைத் தொடுவேன்,
ஜன்னல் மூடிக்கொள்ளும்.
எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்பேன்,
எடிட்டரே எழுந்து போய்விடும்.

பக்கத்து மேசை இசபெல் வேலாயுதோம்
முதல் நாளே பார்த்துச் சிரித்தாள்.
தன் பெயருக்குள் முருகன் இருப்பது அவளுக்குத் தெரியும்,
கடைசியில் அந்த ஓகாரம் எப்படி வந்ததென்றுதான் தெரியாது.
"எவனோ குமாஸ்தா, உன்னை மாதிரி
பக்கத்து விசையை அழுத்தியிருப்பான்" என்றாள்.

எடிட்டர் திறந்ததும் கேட்டது:
எங்கிருந்து வருகிறீர்கள்?
பழைய குறுக்குவிசைகளைக் கொண்டுவரலாமா?
விமான நிலையத்தில்கூட
இவ்வளவு கனிவாய் யாரும் கேட்கவில்லை.

பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன்.
இருநூற்றுப் பதினான்கு வரி.
ஒன்றுகூட நான் எழுதியதில்லை.
முத்தியால்பேட்டை மாடியறையில்
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
தயாபரன் எழுதித் தந்தது.
அப்போது அவன் என் கணவன் ஆகியிருக்கவில்லை.
இப்போதும் இல்லை.

அவன் இடக்கைக்காரன்.
மவுஸ் அவனுக்கு இடப்பக்கம்,
ஆகவே எல்லாக் குறுக்குவழியும் வலப்பக்கம்.
வரி நகர்த்த, வரி நீக்க, தேட, தாவ,
பதினோரு வருஷம்
மவுஸை விட்டுவிட்டு ஓடி
மறுபடி மவுஸுக்கு ஓடி வந்திருக்கிறேன்.
மணிக்கட்டு வலிக்கு டாக்டர் களிம்பு தந்தார்.
நான் கணினியே அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.
காரணம் இன்றுதான் தெரிகிறது,
பக்கத்துக் கட்டடத்துத் தகரத்தைக் காற்று உரிக்கும் இந்த ராத்திரி.

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
அழுத்தியதும் வயிற்றில் ஒரு பள்ளம்.
கட்டளைகள் நீளமாய் வரிசை கட்டி நிற்க
எதிரே வெறும் கட்டங்கள்.

ஆரம்பித்தேன்.
தேடுவதற்கு டி. தேடு என்பதால்.
மறைக்க எம்.
பிரிக்க பி, திரையைத்தான் சொல்கிறேன்.
இரண்டு கட்டளை ஒரே விசைக்கு அடித்துக்கொண்டபோது
எடிட்டர் சிவப்பில் முறைத்தது,
நானும் முறைத்தேன்,
நான்தான் விட்டுக்கொடுத்தேன்.
இடது மூலையில் டபிள்யூ என்றே அச்சடித்திருக்கட்டும்,
என் விரலுக்கு அது இஸட்.
திரும்பப் பெறுவதை அங்கேயே வைத்தேன்.
ஜன்னலை மூட இனி மூன்று விசை சேர்ந்து அழுத்தவேண்டும்,
அதுவும் இரண்டு கையால்.

ஒன்றரை மணிக்கு மின்சாரம் போயிற்று.
பேட்டரி நாற்பத்தொன்று.
திரை வெளிச்சத்தில் அவன் கோப்பை
கடைசி வரை ஒருமுறை உருட்டினேன்.
நூற்றெண்பதாவது வரிக்கு மேலே
இதுவரை கண்ணில் படாத ஒரு குறிப்பு:
மதுரவல்லிக்கு மட்டும்.
சேமிக்காமல் மூடப்போனால் இரண்டு தடவை கேள்.

அந்த வருஷம் ஆய்வேட்டில்
ஒரு அத்தியாயம் முழுசாய்த் தொலைத்துவிட்டு
படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருந்தேன்.

வெட்டி ஒட்டவில்லை. 
எழுத்தெழுத்தாய்ப் பார்த்து அந்த ஒரு வரியை
புதுக் கோப்பில் அடித்தேன்.
குறிப்பை விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் மின்சாரம் வந்தது.
கூரை இருக்கிறதா என்று கேட்டிருந்தாள் இசபெல்.
நலம், எல்லாம் நலம் என்று
அவள் மொழியில் வேகமாய் அடித்தேன்.
ஏ எல்லாம் க்யூவாகிப் போயிற்று.
திருத்தவில்லை, அப்படியே அனுப்பினேன்.

கூரை தப்பியது, எழுத்துதான் பறந்துவிட்டதாக்கும்
என்று பதில் வந்தது.